மோட்டார் ரூம் மரத்தின் பிள்ளைகள்

கையில் தேநீர்க் கோப்பை இல்லாமல் ஆய்வுக்கூடத்துச் சிவனேசன் ஒருநாளும் பூங்கோதையின் வேலையறைக்கு வந்ததில்லை. காலை பத்தரைக்கு ஒரு தடவை, மாலை மூன்று மணிக்கு ஒரு தடவை. கதவு நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மழையைத் திட்டுவார், வாடகை ஏறியதைச் சொல்வார், போய்விடுவார். அந்த வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். கதவையும் சாத்தினார்.

"அக்கா, ஒருக்கா வேலையை நிப்பாட்டுங்கோ."

"இருங்க சிவா, இந்த ட்ரேய முடிச்சர்றேன்."

"முடிக்க வேண்டாம்," என்றார் சிவனேசன். "அந்த ட்ரேயைப் பற்றித்தான் கதைக்க வந்தனான்."

வெளியே ஆகஸ்ட் மாதத்து மழை. ஆக்லாந்தில் மழை நம் ஊர் மாதிரி வந்து கொட்டிவிட்டுப் போகாது; காலையில் தொடங்கினால், முடிவில்லாமல் புலம்பும் உறவுக்காரர்போல நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். ஆனால் பூங்கோதையின் செடிகள் இருந்த உள்ளறையில் எப்போதும் சித்திரை மாதம்தான். இருபத்தெட்டு டிகிரி வெப்பம், வெள்ளை விளக்கு, ஈரக் காற்று. அங்கே நீளக் கண்ணாடிக் குழாய்களிலும் சின்னத் தொட்டிகளிலும் நூற்றெழுபத்து நான்கு தென்னம்பிள்ளைகள் நின்றன. பெரியதுகள் ஒரு முழ உயரம். பூங்கோதை காலையில் அந்த அறைக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவாள். சுத்தத்துக்காகப் போட்ட விதிதான் அது. அவளுக்கோ வேறு இடத்து நினைவும் அதில் சேர்ந்துகொண்டது.

தேங்காயை அப்படியே நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது. மட்டைக்குள் பூச்சியும் நோயும் ஏறி வந்துவிடும். ஆகவே காயின் கண்ணுக்கு அடியில், அவரைக் கொட்டையளவில் படுத்திருக்கும் முளைக்கருவை மட்டும் தோண்டி எடுத்து, குழாயில் இட்டு, தாய்ப்பால் கொடுப்பதுபோலச் சத்து நீர் கொடுத்து வளர்க்க வேண்டும். ஒரு கருவைப் பிரித்து நாலைந்து பிள்ளைகளாகப் பெருக்குவதும் உண்டு. இந்தியா, ஃபிஜி, டோங்கா, நியூசிலாந்து என்று நான்கு நாடுகள் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. வாடல் நோய் சூழ்ந்த தோப்புகளில் நோய் தொடாமல் நிற்கும் மரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் பிள்ளைகளைச் சிறு விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் நோக்கம். திட்டத்தின் காகிதங்களில் பக்கத்துக்குப் பக்கம் 'சிறு விவசாயி' என்று வரும். மற்றவர்களுக்கு அது ஒரு சொல். பூங்கோதைக்கு அது அவள் தம்பி வெற்றி.

ஆனைமலைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வெற்றிக்கு. நூற்றெண்பது மரம் நின்ற தோப்பு. மேற்கிலிருந்து வந்த வாடல் ஆறே வருடத்தில் தின்று தீர்த்தது. மட்டை மஞ்சளாகும், குருத்து தொங்கும், குரும்பை உதிரும். நோய் முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதைத் தவிர வழியில்லை. வெட்டி வெட்டிக் கடைசியில் பேருக்கு ஒரு பத்து மரம் மிஞ்சியது. மோட்டார் ரூமை ஒட்டி நின்ற ஒரு மரம் மட்டும் எதையும் கண்டுகொள்ளவில்லை. சுற்றியிருந்த அத்தனையும் விழுந்தபோது அது பச்சையாகவே நின்றது. பூங்கோதைதான் அந்த மரத்தைத் திட்டத்தில் சேர்த்தாள். பொள்ளாச்சியிலிருந்த கள அலுவலர் மனோஜ் போய் எண் எழுதி, இலை எடுத்து அனுப்பினார். பிறகு ஒரு தை மாதம் காய் இறக்கி, முளைக்கரு எடுத்து, ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். தாய்மரம் கொடுத்தவருக்கு முதல் பங்கு என்று ஒப்பந்தம். வெற்றிக்கு அறுபது பிள்ளைகள்.

வெற்றி அறுபது குழி வெட்டிவிட்டுக் காத்திருந்தான். கோழிப்பண்ணைக்காரர்கள் இரண்டு முறை குத்தகைக்குக் கேட்டு வந்தார்கள். "எங்கக்கா பிள்ளை அனுப்புது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினான்.

"அனுப்ப முதல் கடைசியாய் ஒரு மரபணுச் சோதனை செய்யவேணும் எல்லோ," என்றார் சிவனேசன். "தாயின்ர பாதி பிள்ளையிலை இருக்க வேணும். நீங்கள் குடுத்த இலையையும் இந்தப் பிள்ளையளையும் வைச்சுப் பாத்தனான். ஒண்டும் பொருந்தேல்லை."

"ஒண்ணு ரெண்டு மாறியிருக்கும்."

"ஒண்டுமே பொருந்தேல்லை அக்கா. மூண்டு தரம் திருப்பிச் செய்து பாத்தனான். ராத்திரி நித்திரையும் இல்லை. எல்லாம் ஒரே ரகத்துப் பிள்ளையள்தான், அதிலை பிழையில்லை. ஆனா தாய் உங்கட தம்பியின்ர மரம் இல்லை. ஏதோ நாற்றுப்பண்ணையிலை வாங்கி வைச்ச ஒட்டுரகம்."

பூங்கோதை கையுறையைக் கழற்றினாள். ஒரு விரல் வரவில்லை, இழுத்ததில் கிழிந்தது.

"காய் வெட்டேக்க ஆர் பக்கத்திலை நிண்டவை?"

"மனோஜ். படிவத்துல எழுதியிருக்காரே, நேர்ல பாத்தேன்னு."

"எழுதினது இருக்கு. நிண்டவரோ?"

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. இங்கிருந்து மனோஜுக்கு அவளேதான் போன் செய்தாள். "என் தம்பி வீடு மனோஜ், வேத்தாள் கிடையாது. வெய்யில்ல மரத்தடியில நின்னு காவல் காக்காதீங்க. ஆனந்தி சமைச்சு வச்சிருப்பா. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொன்னாள். விருந்தாளியை உச்சி வெயிலில் நிறுத்திவைக்க மனம் வரவில்லை. மனோஜும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டார். கோழிக்குழம்பு அபாரம் என்று அன்று மாலை செய்தியும் அனுப்பினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு," என்றார் சிவனேசன். "மரம் நிக்குதுதானே? திருப்பி எடுப்பம். இரண்டு வருசம் பிந்தும், வேறை என்ன?"

"மரம் இல்ல சிவா."

"என்ன?"

"போன புரட்டாசில வெட்டியாச்சு. கரண்ட் கம்பி இழுக்கறதுக்கு இடைஞ்சலா இருக்குதுன்னாங்க. வெற்றி என்கிட்டத்தான் கேட்டான், வெட்டலாமா அக்கான்னு. நான்தான் சொன்னேன், அதோட பிள்ளைக நூத்தெழுபது எங்கிட்ட பத்திரமா இருக்குது, வெட்டிக்கோன்னு."

ஆய்வுக்கூடத்தின் குளிர்ப்பெட்டியில் அந்த மரத்தின் இலை நான்கு துண்டு இருந்தது. இலையிலிருந்து தென்னை முளைக்காது. அது இருவருக்கும் தெரியும்.

"ஒண்டு செய்வம்," என்றார் சிவனேசன் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "இங்கை லாபிலை குழாயள் மாறுபட்டுப் போச்சு எண்டு எழுதுவம். என்ர கையாலை நடந்த பிழை எண்டு நான் எழுதிறன். உங்கட தம்பியின்ர பேர் வராது."

"உங்க கான்ட்ராக்ட்டு டிசம்பர்ல முடியுது. அப்புறம் விசா?"

"அதைக் கடவுள் பாத்துக்கொள்ளுவார்."

"அவருக்கு ஏன் சிவா இந்த வேலையெல்லாம்?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள் பூங்கோதை. கண் நிறைந்துவிட்டது. "திங்கக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

"ஓம் அக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை." கதவைத் திறந்தவர் திரும்பி, "நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்," என்றார்.

*

நியூ லின் ரயில் நிலையத்தில் அவள் கணவன் பிரசாத் கார் வைத்துக்கொண்டு காத்திருந்தான். லின்ஃபீல்ட் வீட்டுக்குப் போகும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் வைப்பர் சத்தத்தோடு கேட்டுக்கொண்டே வந்தான்.

"சிவா சொல்றபடி விட்டுரு பூங்கோத. லாப்ல குழாய் மாறிப்போச்சுன்னா முடிஞ்சுது. ஊர்ல விஷயம் போச்சுன்னா உன் தம்பி வெளிய தலகாட்ட முடியாது."

"சிவா தலைய வாங்கி என் தம்பி தலையக் காப்பாத்தச் சொல்றீங்களா?"

"அதுக்குச் சொல்லல."

"அதுக்குத்தான் சொல்றீங்க."

"சரி, நான் வாயே தொறக்கல. வண்டிதான் ஓட்டறேன். அதுலயாவது குத்தம் சொல்லாத."

வீட்டில் மகள் அபர்ணா சோபாவில் மடிக்கணினியோடு இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் "ஆர் யூ ஓகே, மா?" என்றாள். எழுந்து போய் ஹீட்டரை அம்மா பக்கம் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மாலை ஐந்தரை. ஊரில் காலை பதினொரு மணி. வெற்றி தோட்டத்தில் இருப்பான். பூங்கோதை பூஜை அலமாரியில் விளக்கேற்றினாள். முருகன் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு தம்பி மனைவி ஆனந்தவல்லியின் எண்ணுக்கு அழைத்தாள்.

"அண்ணிங்களா? இதென்ன இந்நேரத்துல! அவுங்க மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருக்காங்க. கூப்பிடட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. உன்கிட்டத்தான் பேசோணும்."

"சொல்லுங்க. அபர்ணா நல்லாருக்குதுங்களா? அண்ணன் சொகங்களா?"

"எல்லாம் நல்லா இருக்கறாங்க. ஆனந்தி, அன்னிக்கு மனோஜ் காய் வாங்க வந்தாரே, அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்குதா?"

எதிர்முனையில் அரிசி புடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"வெற்றி வீட்ல இருந்தானா?"

"இல்லீங்க. அன்னிக்குக் கன்னுக்கு ஒடம்பு சரியில்லாம டாக்டரக் கூட்டிட்டு வரப் போயிருந்தாங்க."

"காய் இறக்குனது ஆரு?"

"மாரப்பன்தானுங்க. மோட்டார் ரூம் மரத்துலதான் ஏறுனான். சாமி சத்தியமாங்க, கயித்துல கட்டித்தான் எறக்குனான். ஒரு காய் கீழ விழுகல."

"அந்தக் காயத்தான் மனோஜ் வண்டியில ஏத்துனீங்களா?"

ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டே போனது. பூங்கோதை காத்திருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஆனந்தவல்லி போனை வைத்திருப்பாள். உயர்த்தாததுதான் அவளை உடைத்துவிட்டது.

"அண்ணி, என்னைய என்ன பண்ணுனாலும் சரிங்க. நாந்தான் மாத்துனேன்."

"ஏன் கண்ணு?"

"மாரப்பன் எறக்கிக் களத்துல குமிச்சான். பாத்தனுங்க. ஒவ்வொண்ணும் கைக்குள்ள அடங்கற மாதிரி. கோணலு ஒண்ணு, சூம்புனது ஒண்ணு. இத எப்படிங்க நான் உங்களுக்கு அனுப்புவேன்? பக்கத்துத் தோட்டத்துக்காரங்க களத்துல அன்னிக்குத் தேங்கா வெட்டுப் போட்டிருந்தாங்க. காயொண்ணும் பானையாட்டம். ஓடிப்போயி நாப்பது அம்பது காய் கேட்டேன். வெளிநாட்டுல இருக்கற எங்க அண்ணிக்கு அனுப்பறதுக்குன்னு சொன்னேன். நல்லதாப் பாத்துப் பொறுக்கிக்கன்னாங்க. அந்த ஆபீசரு உள்ள சாப்பிட்டுட்டு இருந்தாரு. சாக்குல போட்டுக் கட்டி மஞ்சளு குங்குமம் வெச்சுக் குடுத்துட்டேன்."

"அது சீரா ஆனந்தி? நான் விதைக்கில்ல கேட்டேன்!"

"தெரியுமுங்க. எனக்கு என்ன தெரியும்னா, தேங்கான்னா தேங்காதானுங்களே. அதுக்குள்ள இருக்கறத எடுத்து நீங்க என்னமோ மருந்து போட்டுத் தேத்திருவீங்கன்னு நெனச்சேன். ஒருக்கா பட்டது போதும்னு இருந்துச்சுங்க."

"என்ன பட்ட?"

"மறந்துட்டீங்களா?"

"என்னது?"

"அபர்ணா பெரியவளான சீருக்குங்க. பொள்ளாச்சி மண்டபத்துல. தாய்மாமன் சீர்த்தட்டு நான்தான தூக்கிட்டு வந்தேன். அந்த வருசந்தான் நோய் வந்துச்சு. ஒத்தக் காயும் பெருசா இல்ல. வெளிய வாங்கி வெக்கலாம்னேன், நம்ம தோட்டத்துக் காய்தான் போகோணும்னு அவுங்க ஒத்தக் கால்ல நின்னாங்க. விடியால எந்திரிச்சு நானே மட்டை உரிச்சு, குடுமி விட்டு, மஞ்ச பூசி அடுக்குனேன். நீங்க தட்டப் பாத்துட்டு, 'என்ன வெற்றி, தேங்காத் தட்டக் காணோம், எலுமிச்சங்காத் தட்டே ரெண்டு வந்திருக்குது'ன்னீங்க. மண்டபமே சிரிச்சுது. எங்க அம்மா முன்வரிசைல உக்கோந்திருந்தாங்க. அவுங்களும் வேற வழியில்லாம சிரிச்சாங்க."

பூங்கோதைக்கு அப்படிச் சொன்னது நினைவில்லை. அன்று கட்டியிருந்த பட்டுப் புடவையின் நிறம் நினைவிருந்தது, பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது நினைவிருந்தது, தேங்காய்த் தட்டு நினைவில் இல்லவே இல்லை. சொன்னவள் அன்று மாலையே மறந்துவிட்டாள். கேட்டவள் அதை ஒன்பது வருடம் அடிவயிற்றில் சுமந்திருக்கிறாள்.

"நான் சொன்னேனா ஆனந்தி?"

"சொன்னீங்க. விளையாட்டுக்குத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியுமுங்க." ஆனந்தவல்லி மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் பிள்ளைக என்னாச்சுங்க? செத்துப்போச்சுங்களா?"

"நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுக நம்ம மரத்துப் பிள்ளைக இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நோய் வந்தா அதுக தாங்காது."

"அப்ப அந்த மரம்…" என்றாள். முறத்தைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "மரத்த வெட்டறப்ப நான் மாட்டுச் சாளைல சாணி அள்ளிட்டு இருந்தனுங்க. ரம்பச் சத்தம் கேட்டுச்சு. ஓடிப்போயி சொல்லோணும்னு எந்திரிச்சேன். சொன்னா என்ன ஆகும்? கால் வரல. அப்படியே உக்கோந்துட்டேன்," என்றாள்.

"அழுகாத."

"அவுங்களுக்குத் தெரிஞ்சா என்னைய வெட்டமாட்டாங்க, வையவும் மாட்டாங்க. பேசவே மாட்டாங்க. அதுக்கு வெட்டிறலாமுங்க. எங்க அம்மாவும் இல்ல இப்ப. நான் எங்க போவேன்? அவுங்களுக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க அண்ணி. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன்."

"காலெல்லாம் வேண்டாம். அன்னிக்கு நான் பேசுனதுக்கு நீதான் என்னைய மன்னிக்கோணும்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க."

"சொல்லித்தான் ஆகோணும் கண்ணு. ஒம்போது வருசம் லேட்டு," என்றாள் பூங்கோதை.

*

திங்கட்கிழமை அவள் அறிக்கை எழுதினாள். காய் வெட்டும்போது சாட்சி நிற்கவில்லை. நிற்க வேண்டாமென்று அலுவலரிடம் சொன்னவள் நான். தாய்மரத்தை வெட்டச் சம்மதம் கொடுத்ததும் நான். காய் மாறியது தோட்டத்தில்தான், இங்கே அல்ல. ஆய்வுக்கூடத்தில் யார்மீதும் தவறில்லை. மாற்றியது யார் என்ற இடத்தில் 'தெரிந்தும் தெரிவிக்க மறுக்கிறேன்' என்று எழுதி, இரண்டு முறை படித்து, அப்படியே விட்டாள். சிவனேசன் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் என்ர யோசனையைக் கேக்கேல்லை."

"கேட்டேன் சிவா. அந்த யோசனை சொல்ல ஒரு ஆள் இருந்தாருங்கறதே எனக்குப் போதும்."

மேலிடத்தில் யாரும் கத்தவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மென்மையாகவே பேசினார்கள். நான்கு நாடுகளுக்கும் தகவல் போகும். அடுத்த கட்டத்துக்கான உதவி நிறுத்திவைக்கப்படும். இனி வெளிநாட்டுச் செடிகளுக்கான காகிதங்களில் அவள் கையெழுத்துப் போட வேண்டாம். பூர்வீகம் உறுதியாகாத செடிகள் தனிமைக்காப்பில் இருக்கக் கூடாது. நீராவிக் கலத்தில் போட்டு அழித்துவிட வேண்டும். எல்லாமே நியாயம்தான். அந்தப் பிள்ளைகள் வெளியே போயிருந்தால் ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தபின், பாளை விடும் நேரத்தில், எங்கோ ஒருவன் தோப்பில் மஞ்சளாகத் தொங்கியிருக்கும். அது அவளுக்குத் தெரிந்தது.

அறைக்கு வெளியே மெலே நின்றிருந்தாள். டோங்காக்காரி, பூங்கோதையைவிட ஒன்றரை மடங்கு ஆகிருதி, ஞாயிறுதோறும் தேவாலயப் பாட்டுக் குழுவில் முதல் குரல். டோங்காவுக்குப் போகவேண்டிய எண்பது பிள்ளைகளுக்கு அவள்தான் பெட்டி தயார் செய்து வைத்திருந்தாள். நோய் இன்னும் எட்டாத தீவு அது. வருவதற்குமுன் தாங்கும் மரம் நிற்க வேண்டுமென்று அவளுடைய அப்பா தேவாலயத்து நிலத்தில் குழி வெட்டி, கல் அடுக்கி வைத்திருந்தார்.

பூங்கோதை ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். மெலே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவளுடைய இரண்டு கையையும் பிடித்து, கண்ணை மூடி, தன் மொழியில் ஏதோ ஜெபித்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் பெரிய, சூடான, சொரசொரப்பான கைகள். வெகுநேரம் விடவில்லை.

"அப்பாவிடம் வாழை வைக்கச் சொல்கிறேன்," என்றாள் பிறகு. "குழி வீணாகாது. வா, இதை நீ தனியாகச் செய்யக் கூடாது."

மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். சிவனேசன் எண்ணைப் படித்தார். மெலே தட்டை எடுத்தாள். பூங்கோதை ஒவ்வொரு பிள்ளையையும் பையில் வைத்தாள். வேர் வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. அவை எந்தப் பாவமும் அறியாதவை. யாரோ ஒருவருடைய தோட்டத்து நல்ல, கொழுத்த தேங்காய்களின் பிள்ளைகள். நல்ல மனத்தோடு கொடுத்த காய்கள். நூற்றெழுபத்து நான்காவது போனபின் சிவனேசன் நீராவிக் கலத்தின் கதவைத் தானே சாத்தினார். சத்தம் அடங்கும்வரை மூவரும் அங்கேயே நின்றார்கள். வெளியே வந்தபோது அந்த அறை முழுக்கக் கீரை வேகவைத்த வாசனை.

*

வெற்றிக்கு அவள் சனிக்கிழமை பகல் இரண்டரைக்கு அழைத்தாள். அங்கே காலை எட்டு.

"அக்கா! இப்பத்தான் நெனச்சேன். குழிக்கெல்லாம் நேத்துத்தான் மணலும் உப்பும் போட்டேன். அறுவதுக்கு மேல நாலு சேத்தே வெட்டியிருக்கறேன். உங்களுக்கு ஒரு பிள்ளை, அபர்ணாவுக்கு ஒண்ணு, மச்சானுக்கு ஒண்ணு…"

"வெற்றி, நான் சொல்றதக் கேளு. பிள்ளைக வராது."

"பேப்பர் வேலை தள்ளிப்போச்சுங்களா? அது கெடக்குதுங்க. ஐப்பசி மழைக்கு வெச்சுக்கலாம்."

"இல்ல சாமி. எப்பவுமே வராது. இங்க வளந்தது நம்ம மரத்துப் பிள்ளைக இல்ல. வேற காய் கலந்திருக்குது. டெஸ்ட்டுல தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் அழிச்சாச்சு."

மண்வெட்டியைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

"நூத்தி எழுவதுமா?"

"நூத்தி எழுவத்தி நாலும்."

"அதெப்படிங்க கலக்கும்?"

"காய் எறக்கறப்ப ஆளு நின்னு பாத்திருக்கோணும். அதுதான் சட்டம். நான்தான் மனோஜ வேண்டாம்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான்."

"நின்னு பாக்காட்டி என்னங்க? மரம் ஏறுனது நம்ம மாரப்பன். சாக்குக் கட்டுனது ஆனந்தி. எம்பட பொண்டாட்டி காய மாத்துவாளுங்களா?"

பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்வீட்டு வேலியில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. சிவாவின் பொய்யைக் காகிதத்தில் ஏற்கமாட்டேன் என்றவள் அவள்.

"ஆனந்திய எதுக்கு இழுக்கற? பொறுப்பு என் கையில இருந்துச்சு. நான் விட்டுட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப உங்க ஆபீஸ்லதான் மாத்திப்போட்டாங்க."

இல்லை என்று ஒரு சொல் போதும். அவள் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததும் பொய்தானா என்று முருகன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

"மரத்த வெட்டட்டுமான்னு உங்களக் கேட்டனுங்களே."

"கேட்ட."

"வெட்டிக்கோன்னீங்க."

"சொன்னேன்."

"கம்பியத் தள்ளி இழுக்கச் சொல்லியிருப்பேன். ஒரு மனு எழுதிக் கேட்டிருந்தா நடந்திருக்கும். அன்னிக்கு மரம் சாஞ்சதும் அதத் தொட்டுக் கும்பிட்டேனுங்க, உன்ற பிள்ளைகள அக்கா காப்பாத்துதுன்னு சொன்னேன்." அவன் குரல் உயரவில்லை. சந்தையில் காளைக்கு விலை கேட்பவனைப்போல நிதானமாகத்தான் பேசினான். "படிச்சவங்க, பெரிய எடத்துல இருக்கறவங்க. தேங்காய ஒழுங்கா வெக்கத் தெரியல."

"திட்டு வெற்றி. நல்லாத் திட்டு."

"திட்டறதுக்கு என்னங்க இருக்குது. கோழிப்பண்ணைக்காரங்க இன்னமும் கேட்டுட்டுத்தான் இருக்கறாங்க. வரச் சொல்லீர்றேன். குழிய மூடறதுதான் வேலை. சரிங்க, வெச்சர்றேன்."

அக்கா என்று சொல்லாமல் அவன் பேச்சை முடித்தது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் போனை அணைக்காமலே அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டான் போலிருக்கிறது. துணி உரசும் சத்தம், செருப்புச் சத்தம், கதவு. பூங்கோதையும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஆருங்க போன்ல? அண்ணிங்களா?" ஆனந்தவல்லியின் குரல்.

"இல்ல. ஆரோ ஆபீஸ்காரங்க."

நாற்காலி இழுபட்டது. தட்டு வைத்தார்கள். ஆனந்தவல்லி மறுபடி பேசியபோது, அழைத்தது யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது குரலிலேயே தெரிந்தது.

"சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. தக்காளிதான் அரைச்சேன். வீட்ல ஒத்தத் தேங்கா இல்லீங்க. பொழுதோட சந்தைக்குப் போனா ரெண்டு காய் வாங்கிட்டு வாங்க."

"ம்," என்றான் வெற்றி.